யூடியூப் சேனலுக்கு ஆள் சேர்ப்பது எப்படி: ஒரு தையல் சேனல் நடத்தியதில் கற்றுக்கொண்டது

முதலில் சப்ஸ்க்ரைபர் எண்ணிக்கையைப் பார்ப்பதை நிறுத்துங்கள். நான் பிளவுஸ் தையல் சொல்லித்தரும் ஒரு சின்ன சேனல் நடத்துகிறேன். ஆரம்பித்த முதல் ஆறேழு மாதம் காலையில் எழுந்ததும் அந்த எண்ணைத்தான் பார்ப்பேன், அது நேற்று இருந்த இடத்திலேயே நிற்கும், மனசு விட்டுப்போகும், அன்றைக்கு எடுக்க வேண்டிய வீடியோவும் நின்றுபோகும். பார்க்க வேண்டிய இடம் வேறு என்று தெரிந்த பிறகுதான் சேனல் நகர ஆரம்பித்தது. அது எந்த இடம், அதை எப்படிப் படிப்பது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உதாரணங்கள் எல்லாம் தையலிலிருந்துதான் வரும். நீங்கள் மாடித்தோட்டமோ பைக் ரிப்பேரோ கணக்குப் பாடமோ போட்டாலும் வழி பெரும்பாலும் இதேதான்.

யாருக்காக எடுக்கிறீர்கள்?

"தையல் கற்க விரும்பும் பெண்கள்" என்று நானும் முதலில் எழுதி வைத்திருந்தேன். அதை வைத்துக்கொண்டு ஒரு வீடியோகூட உருப்படியாக எடுக்க முடியாது. இப்போது என் மனதில் இருப்பவர் ஒரே ஒருவர். வீட்டில் மெஷின் இருக்கிறது, பக்கத்துத் தெருவில் மூன்று மாதம் வகுப்புக்குப் போயிருக்கிறார், தன் ஜாக்கெட்டைத் தானே தைத்துப் போட்டுக்கொள்கிறார், ஆனால் கைக்குழியில், அதாவது உடம்போடு கை சேரும் வளைவில், சுருக்கம் விழுகிறது, கழுத்து அகண்டு தோளிலிருந்து இறங்குகிறது, அதனால் அடுத்தவர் துணியை வாங்கித் தைத்துக் கொடுக்கப் பயப்படுகிறார். இவருக்கு ஊசியில் நூல் கோக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆரி ஒர்க்கும் இப்போதைக்கு வேண்டாம். வெளி ஆர்டர் ஒன்றைத் தைரியமாக வாங்கும் அளவுக்கு அவரைக் கொண்டுபோவதுதான் என் சேனலின் வேலை. இப்படி ஓர் ஆளை மனதில் வைத்த அன்றைக்கே, எதை எடுப்பது என்பதைவிட எதை விடுவது என்பது தெளிவாகிவிட்டது.

அதற்கு முன்னால் ஒரு நாள் பிளவுஸ், மறுநாள் மார்கழிக் கோலம், அதற்கடுத்து குலதெய்வம் கோயிலுக்குப் போய் வந்தது என்று எல்லாம் போட்டுக்கொண்டிருந்தேன். பிளவுஸுக்காக வந்தவர் கோலத்தைத் தொடமாட்டார், கோலத்துக்காக வந்தவர் பிளவுஸைத் தொடமாட்டார். யூடியூப் ஒரு வீடியோவை யாருக்குக் காட்டுவது என்பதை ஒவ்வொருவரும் எதைத் தொடுகிறார், எதைக் கடைசிவரை பார்க்கிறார், எதைத் தள்ளிவிடுகிறார் என்று பார்த்துத்தான் முடிவு செய்கிறது. நம்மிடம் வந்தவர்களே நம் அடுத்த வீடியோவைத் தள்ளிவிட்டுப் போனால் அது புதியவர்களிடம் எப்படிப் போகும்? கோலமும் போட ஆசை இருந்தால் அதற்குத் தனிச் சேனல் வைத்துக்கொள்ளுங்கள்.

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்து வில்லேஜ் குக்கிங் சேனலைப் பாருங்கள். 2018இல் தொடங்கினார்கள், 2021இல் ஒரு கோடி சப்ஸ்க்ரைபர் வந்துவிட்டது, தமிழில் அந்த எண்ணிக்கையை முதலில் தொட்ட சேனல் அதுதான். ஒரு தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் அடுப்பு மூட்டிச் சமைக்கிறார்கள், ஒவ்வொரு பொருளைப் போடும்போதும் அதன் பெயரை உரக்கச் சொல்கிறார்கள், கடைசியில் எல்லோருக்கும் இலை போட்டுப் பரிமாறுகிறார்கள். சமையல் மாறும், வடிவம் மாறாது. மொழி தெரியாதவர்கூடப் பார்க்கலாம். பார்ப்பவருக்கு அடுத்த வீடியோவில் என்ன கிடைக்கும் என்று முன்பே தெரியும், அதைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். அவர்களைப் போலவே அண்டாவில் சமைத்துப் போட்ட எத்தனையோ சேனல்கள் வந்து போய்விட்டன.

அவர் என்ன வார்த்தையில் தேடுகிறார்?

புதுச் சேனலை யாருக்கும் தெரியாது, அதனால் தேடி வருபவர்கள்தான் முதல் கூட்டம். நம் ஊரில் பலர் "ஜாக்கெட்" என்பார்கள், கொஞ்சம் இளையவர்கள் "பிளவுஸ்" என்பார்கள், இலங்கையில் "சாரி ஜாக்கெட்" என்பார்கள். நான் "ரவிக்கை வெட்டும் முறை" என்று அழகாகத் தலைப்பு வைத்தேன், ஒருவரும் அதைத் தேடவில்லை. அப்புறம், தமிழர்களில் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுகிறார்கள் என்பதையும் மறந்துவிடாதீர்கள். தலைப்பில் தமிழ் எழுத்தும் ஆங்கில எழுத்தும் இரண்டும் இருக்கட்டும், 100 எழுத்துக்குள் அடக்க வேண்டும், அதிலும் முக்கியமான சொல் முன்னால் வர வேண்டும், ஏனென்றால் போன் திரையில் பின்பாதி தெரியாது.

யூடியூப் தேடல் பெட்டியில் "பிளவுஸ் கை" என்று அடித்துவிட்டு மேற்கொண்டு எதையும் அடிக்காமல் காத்திருங்கள், கீழே வரிசையாக வந்து நிற்பதெல்லாம் மக்கள் உண்மையில் கேட்கும் கேள்விகள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சேனலில் பத்துப் பதினைந்து வீடியோ சேர்ந்த பிறகு யூடியூப் ஸ்டுடியோவின் (சேனல் நடத்துபவர்களுக்கு யூடியூப் தரும் ஆப்) அனலிட்டிக்ஸில் பார்வையாளர் எந்த வழியாக வந்தார்கள் என்ற பகுதி இருக்கும், அங்கே யூடியூப் தேடல் என்பதைத் தொட்டால் எந்தச் சொல்லைத் தேடி உங்களிடம் வந்தார்கள் என்ற பட்டியலே கிடைக்கும். என்னுடையதில் நான் வீடியோவே போடாத ஒரு கேள்வி இருந்தது, பருமனான கைக்கு எப்படி வெட்டுவது என்று. வேறு வீடியோவுக்கு வந்து ஏமாந்து போயிருப்பார்கள். அடுத்த வாரமே அதை எடுத்தேன்.

தம்ப்நெயில்

வீடியோவைத் திறப்பதற்கு முன் தெரியும் முகப்புப் படம்தான் இது. இதற்கு வீடியோ எடுக்கும் நேரத்தில் கால்வாசியாவது கொடுங்கள். அளவு 1280க்கு 720 பிக்சல், ஆனால் பார்ப்பவர் கையில் அது தீப்பெட்டி அளவுதான் இருக்கும், எனவே போனில் சுருக்கி வைத்துப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். முன்பு அதில் என் முகம் பெரிதாக, ஐந்தாறு பூப்போட்ட எழுத்து, ஓரத்தில் ஓர் அம்புக்குறி என்று போட்டு வந்தேன். இப்போது இடப்பக்கம் சுருக்கம் விழுந்த கைக்குழி, வலப்பக்கம் சரியாக உட்கார்ந்த கைக்குழி, நடுவில் இரண்டே சொல். தன் ஜாக்கெட்டில் தினமும் பார்க்கிற சுருக்கத்தைத் திரையில் பார்த்தால் கை தானாகத் தொடும். ஒரே வீடியோவுக்கு மூன்று தம்ப்நெயில் வரை ஏற்றிச் சோதிக்கும் வசதி ஸ்டுடியோவில் இருக்கிறது, எதனால் அதிக நேரம் பார்க்கப்பட்டது என்று அதுவே சொல்லும்.

காட்டப்பட்டவர்களில் எத்தனை பேர் தொட்டார்கள் என்ற விகிதத்தைப் பார்த்துப் பலர் பயந்துபோகிறார்கள். யூடியூப்பே சொல்லியிருக்கும் கணக்கு, பாதிச் சேனல்களுக்கு அது 2 முதல் 10 சதவீதத்துக்குள்தான் இருக்கும் என்பது. அதனால் 4 சதவீதம் என்று பார்த்து அழ வேண்டாம், உங்கள் பழைய வீடியோக்களோடு மட்டும் ஒப்பிடுங்கள். அதோடு, வீடியோ அதிகம் பேருக்குக் காட்டப்படக் காட்டப்பட இந்த விகிதம் இறங்கும், நம்மைத் தெரியாதவர்களிடம் போகிறது என்று அர்த்தம்.

முதல் அரை நிமிடம்

"வணக்கம் நண்பர்களே, நம்ம சேனலுக்குப் புதுசா வந்திருக்கீங்கன்னா சப்ஸ்க்ரைப் பண்ணிட்டு பக்கத்துல இருக்கிற பெல் பட்டனை..." இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஆள் போய்விடுவார். தைக்கத் துணியை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் போய் இதைச் சொல்வோமா? நேராக விஷயத்துக்கு வாருங்கள். "கைக்குழியில் இந்தச் சுருக்கம் விழுவதற்கு மூன்று காரணம், மூன்றையும் இந்தத் துணியிலேயே சரிசெய்து காட்டுகிறேன்" என்று சுருக்கத்தைக் கையில் பிடித்தபடி ஆரம்பிக்கலாம். தம்ப்நெயிலில் காட்டிய பொருள் முதல் ஐந்து விநாடிக்குள் திரையில் வந்துவிட வேண்டும், சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரிய வேண்டும். சப்ஸ்க்ரைப் செய்யச் சொல்வதை ஒரு நல்ல உதவி செய்து முடித்த இடத்தில் வையுங்கள், ஒரு வரி போதும்.

இனி நான் முதலில் சொன்ன அந்த இடம்

ஸ்டுடியோவில் ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு கோடு இருக்கும். எந்த நிமிடத்தில் எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதைக் காட்டும் கோடு அது, ஆடியன்ஸ் ரிடென்ஷன் என்பார்கள். 2012 வாக்கில் யூடியூப் வெறும் வியூஸ் எண்ணிக்கையை விட்டுவிட்டு எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதை முக்கியமாக எடுத்துக்கொள்ள ஆரம்பித்தது, அதனால் இந்தக் கோட்டைப் படிக்கத் தெரிந்துகொள்வது எல்லாவற்றையும்விடப் பயன் தரும்.

ஆரம்பத்தில் எல்லாருக்கும் செங்குத்தாக இறங்கும், அது இயல்புதான். 30 விநாடியில் எத்தனை சதவீதம் பேர் மிச்சம் என்று தனியாகக் காட்டும், அதை வீடியோவுக்கு வீடியோ குறித்து வையுங்கள். நடுவில் எங்காவது பள்ளம் விழுந்தால் அந்த நிமிடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். எனக்குப் பள்ளம் விழுந்த இடமெல்லாம் ஒரே மாதிரியாக இருந்தன: நேர்த்தையலை முழு நீளத்துக்கும் ஓட்டிக் காட்டிய இடங்கள். தைக்கத் தெரிந்தவருக்கு நான் நேராகத் தைப்பதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? இப்போது தொடக்கம் மூன்று அங்குலம் காட்டிவிட்டு வெட்டிவிடுகிறேன்.

ஆனால் பள்ளத்தைவிட மேடுதான் விலைமதிப்பானது. கோடு திடீரென்று மேலே எழுந்தால், அந்தப் பகுதியை மக்கள் பின்னால் இழுத்துத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். 36 அளவு லைனிங் பிளவுஸ் என்று இருபது நிமிடத்துக்கு மேல் ஒரு வீடியோ போட்டிருந்தேன், சுமாராகத்தான் ஓடியது. அதன் கோட்டில், கைக்குழி வளைவை வரையும் இடத்தில் ஒரு மேடு. போய்ப் பார்த்தால் அந்த வளைவை நான் பதினைந்து விநாடியில் "இப்படி வரைஞ்சுக்கோங்க" என்று வரைந்துவிட்டுப் போயிருக்கிறேன், என் கை வேறு சாக்பீஸை மறைத்திருக்கிறது. இருபது வருஷம் வரைந்து பழகிய எனக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை, அவர்களுக்கோ அதுதான் முழு விஷயமும். முன்பக்க வளைவு பின்பக்க வளைவைவிட ஏன் உள்ளே போக வேண்டும், அளவு பிளவுஸிலிருந்து அதை எடுப்பது எப்படி, கையின் வளைவு அதோடு எங்கே சேரும் என்று அந்த ஒன்றை மட்டும் நிதானமாக எடுத்துத் தனி வீடியோவாகப் போட்டேன். சேனலுக்கு ஆள் வர ஆரம்பித்தது அந்த வீடியோவிலிருந்துதான். அதிலும் ஒரு மேடு எழுந்தது, அதிலிருந்து இன்னொரு வீடியோ. அன்றைக்குப் பிறகு என்ன எடுப்பது என்று நான் உட்கார்ந்து யோசித்ததே இல்லை.

எனவே வீடியோ போட்ட மறுநாளே கோட்டைப் பார்த்து முடிவு கட்டாமல், ஓரளவு ஆள் பார்த்த பிறகு, அதாவது ஒரு வாரம் பத்து நாள் கழித்துத் திறந்து, பள்ளம் எது மேடு எது என்று எழுதி வையுங்கள். அனலிட்டிக்ஸிலேயே புதிதாக வந்தவர்களையும் மறுபடி வருபவர்களையும் பிரித்துக் காட்டும் கணக்கும் இருக்கும். திரும்ப வருபவர் எண்ணிக்கை மெதுவாக ஏறினால் சேனல் வளர்கிறது என்று நம்பலாம், மற்ற எண்கள் ஏறினாலும் இறங்கினாலும்.

ஒரு வீடியோவிலிருந்து அடுத்ததுக்கு

கைக்குழி பார்த்தவருக்கு அடுத்து என்ன வேண்டும்? கை வெட்டுவது. அதைக் கடைசியில் வாயால் சொல்லுங்கள், அதே நேரம் எண்ட் ஸ்கிரீனில், அதாவது வீடியோ முடியும்போது அடுத்த வீடியோவைத் திரையில் காட்டும் இடத்தில், அந்த வீடியோவை வையுங்கள். கடைசி 5 முதல் 20 விநாடிக்குள் வைக்க முடியும், எனவே அந்த நேரத்துக்கு இடம் விட்டு எடுக்க வேண்டும். "சரி, அவ்வளவுதான், நன்றி வணக்கம்" என்று முடித்துவிட்டால் ஆளும் எழுந்து போய்விடுவார். பிளேலிஸ்ட்டைக் கற்றுக்கொள்ளும் வரிசையில் அடுக்குங்கள், போட்ட தேதி வரிசையில் வேண்டாம். நீள வீடியோவுக்கு நேரக் குறிப்புகள் கொடுங்கள், முதல் குறிப்பு 00:00 என்று தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று குறிப்பு இருக்க வேண்டும். அளவுப் பட்டியலை எழுதி எப்போதும் முதலில் தெரியும்படி கமெண்ட்டாகப் பின் (pin) செய்து வைத்தேன், அதற்காகவே திரும்பத் திரும்ப வந்து வீடியோவைத் திறப்பவர்கள் இருக்கிறார்கள்.

சத்தம், வெளிச்சம்

கேமராவுக்குப் பணம் போடாதீர்கள், கையில் இருக்கும் போன் போதும். காலரில் மாட்டும் ஒரு மைக் வாங்குங்கள், ஃபேனை நிறுத்துங்கள், மெஷின் ஓடும்போது பேசாதீர்கள், தேவையானால் பிறகு குரல் சேர்த்துக்கொள்ளலாம். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு கேட்கவில்லை என்றால் பொறுக்கமாட்டார்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். என் தொழிலில் ஒன்று கூடுதலாக: கரும்பச்சை அல்லது கறுப்புத் துணியில் வெள்ளைச் சாக்பீஸால் வரைந்தால்தான் கோடு தெரியும், வெளிர் நிறத் துணியில் வரைந்து எடுத்த என் பழைய வீடியோக்களைத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறேன். பேச்சு நீங்கள் வீட்டில் பேசுகிற பேச்சாகவே இருக்கட்டும்.

பின்னணியில் சினிமாப் பாட்டு வேண்டவே வேண்டாம். இரண்டு வரி ஓடினாலும், அடுத்தவர் பாட்டையும் படத்தையும் தானாக அடையாளம் காணும் யூடியூப்பின் கன்டென்ட் ஐடி கண்டுபிடித்துவிடும், அந்த வீடியோவின் விளம்பர வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகலாம். ஸ்டுடியோவிலேயே இலவச ஆடியோ லைப்ரரி இருக்கிறது.

எப்போது போடுவது

எந்தக் கிழமை, எத்தனை மணி என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட நாள்காட்டியைப் பாருங்கள். ஆடித் தள்ளுபடியில் துணி எடுப்பவர்கள் ஆவணி முகூர்த்தத்துக்குத் தைக்க வேண்டும், ஆகவே பட்டுப் பிளவுஸ் வீடியோ ஆடி நடுவிலேயே வந்துவிட வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரம் டிசைன் வீடியோ போட்டு என்ன பயன், தையல்காரர்கள் எல்லாம் ஆர்டர் நிறுத்தியிருப்பார்கள், அதைப் புரட்டாசி தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள். ஜூனுக்கு முன்னால் யூனிபார்ம். போன வருஷத்து வீடியோவும் அந்தப் பருவம் வரும்போது தானாக உயிர் பெறும், அப்போது அதன் தம்ப்நெயிலையும் தலைப்பையும் ஒருமுறை சரிபார்த்துப் புதுப்பியுங்கள். எத்தனை நாளுக்கு ஒன்று என்றால், நீங்கள் ஒரு வருஷம் விடாமல் செய்ய முடிகிற வேகம் எதுவோ அது. எனக்கு வாரம் ஒன்று.

ஷார்ட்ஸ்

2020இல் டிக்டாக் தடையான பிறகு அதே ஆண்டு செப்டம்பரில் ஷார்ட்ஸ் இந்தியாவில்தான் முதலில் சோதிக்கப்பட்டது, இப்போது மூன்று நிமிடம் வரை போடலாம். புதியவர்கள் கண்ணில் படுவதற்கு இதைவிட வேகமான வழி இல்லை. ஆனால் வேடிக்கையான ஷார்ட்ஸைப் பார்த்துச் சேர்ந்தவர்கள் என் இருபது நிமிடப் பாடத்துக்கு வரவே இல்லை. எனவே நீள வீடியோவில் மேடு எழுந்த பகுதி இருக்கிறதல்லவா, அதையே சுருக்கி ஷார்ட்ஸாக்கி, "தொடர்புடைய வீடியோ" என்ற இடத்தில் முழு வீடியோவை இணைத்துவிடுங்கள்.

கமெண்ட்

முதல் வருஷம் எல்லாக் கேள்விக்கும் நானே பதில் எழுதினேன், இப்போதும் முடிந்தவரை எழுதுகிறேன். "அக்கா, எனக்குக் கழுத்து இறங்குது" என்று எழுதுபவரிடம் ஷோல்டர் அளவு என்ன, முன் கழுத்து ஆழம் எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள், அங்கே ஓர் உரையாடல் உண்டாகும், மற்றவர்களும் வந்து பதில் சொல்வார்கள். குழந்தைக்குப் பட்டுப்பாவாடை தைக்கும் வீடியோவை ஏற்றும்போது "குழந்தைகளுக்கானது" என்ற இடத்தைத் தொட்டுவிட்டேன், கமெண்ட் பகுதியே மூடிக்கொண்டது, ஏன் என்று தெரியாமல் பல நாள் தவித்தேன். அந்தக் கேள்வி பார்ப்பவர் குழந்தையா என்பதைத்தான் கேட்கிறது. பாவாடை தைக்கப் பார்ப்பவர் அம்மா.

"நீங்க என் சேனலை சப்ஸ்க்ரைப் பண்ணுங்க, நான் உங்க சேனலை பண்றேன்" என்று வருபவர்களுக்குப் பதில் போடாதீர்கள். அப்படிச் செய்வதும் காசு கொடுத்து சப்ஸ்க்ரைபர் வாங்குவதும் விதிமீறல், அது ஒருபுறம். அவர்கள் ஒருநாளும் உங்கள் வீடியோவைப் பார்க்கப்போவதில்லை என்பதுதான் பெரிய சேதம். உறவினர் வாட்ஸ்அப் குழுவும் அப்படித்தான், அன்புக்காகத் திறந்து பத்து விநாடியில் மூடுவார்கள். அங்கே அனுப்புவதற்குப் பதில் தையல் வகுப்பு நடத்தும் ஒரு டீச்சருக்கு அனுப்புங்கள்.

பணம்

எப்போது வரும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். விளம்பர வருமானத்துக்கு 1,000 சப்ஸ்க்ரைபரும், கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும், அல்லது 90 நாளில் ஷார்ட்ஸுக்கு 1 கோடி வியூஸ். ஷார்ட்ஸ் ஃபீடில் பார்த்த நேரம் அந்த 4,000 மணியில் சேராது, இதைத் தெரியாமல் வருஷக்கணக்கில் ஷார்ட்ஸ் மட்டும் போட்டவர்களை எனக்குத் தெரியும். நீள வீடியோவின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் நமக்கு. 8 நிமிடத்துக்கு மேல் போனால் நடுவிலும் விளம்பரம் வைக்கலாம், அதற்காக ஆறு நிமிட விஷயத்தை எட்டாக இழுக்காதீர்கள், அந்தக் கோட்டில் பள்ளம் விழும், அடுத்த வீடியோவுக்கு ஆள் குறையும்.

நேற்று இரவு ஒருவர் எழுதியிருந்தார், கைக்குழி சரியாகிவிட்டது, முதல் முறையாகப் பக்கத்து வீட்டு அக்காவின் பட்டுத் துணியை வாங்கி வைத்திருக்கிறேன், வெட்டப் பயமாக இருக்கிறது, பட்டு நூல் பிரிந்து வருகிறதே, என்ன செய்வது என்று. கறுப்புப் பட்டில் ஒரு துண்டு எடுத்து மேஜையில் விரித்து வைத்திருக்கிறேன், காலை வெளிச்சம் ஜன்னலுக்கு வந்ததும் எடுக்கலாம்.